மயசபையும் மண் துரியோதனனும்

பாரதப் போருக்கு வித்து எது என்று கேட்டால் கற்றோர் பலவாறு விடை பகர்வர். மண்ணாசை என்பர் சிலர்; சூதாட்டம் என்பர் வேறு சிலர். குடிபாலாவைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த என் போன்றோர்க்கு இன்னொரு விடையும் தெரியும். இந்திரப்பிரத்தத்தில் பாண்டவர்க்கு மயன் சமைத்துக் கொடுத்த மண்டபமே அவ்வித்து. அதனுள் நுழைந்த துரியோதனன் பளிங்குத் தரையை நீர் என மயங்கி ஆடையை உயர்த்திக் கொண்டான். சற்று அப்பால் நீரைப் பளிங்கு என மயங்கி அதனுள் விழுந்தான். கண்டவர் நகைத்தனர். அந்த நகைப்பு அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. சூதும், துகிலுரிதலும், வனவாசமும், பதினெட்டு நாட் போரும் அதன் பின்னர் வந்தவை.

இல்லாததை இருப்பதாகக் காட்டிக் காண்போரை மகிழ்விக்கும் கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் மயனை விட்டுத் தொடங்கலாகாது என்பது என் கருத்து. மயன் கதையில் வருபவன். அவனை வரலாற்று மாந்தன் என்று சாதிக்க நான் முற்படவில்லை. ஆயினும் அக்கதை ஒரு நுட்பத்தை உணர்த்துகிறது. சுவரில் தீட்டிய குளத்தைக் கண்டு எவனும் ஆடையை உயர்த்த மாட்டான். காண்பவனைச் சுற்றி நாற்புறமும் பொய்யை எழுப்பி, அதன் நடுவே அவனை நடக்க விட்டால்தான் அவன் உடல் ஏமாறும். இக்காலத்தில் கண்ணை முழுதும் மூடும் கருவியொன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, வீட்டுக் கூடத்தின் நடுவே நின்று, இல்லாத பள்ளத்தைக் கண்டு காலைப் பின்வாங்குகிறானே இளைஞன், அவனும் துரியோதனன் மரபினன்தான். அதனை மெய்ந்நிகர் உலகம் என்கின்றனர். நம் முன்னோர் இத்தகைய செயலுக்கெல்லாம் பாவனை என்ற ஒரே சொல்லை வைத்திருந்தனர். எனக்கும் அச்சொல்லே போதும்.

பழந்தமிழ் நூல்களில் பாவனைக்குரிய கருவிகள் பற்றிய குறிப்புகள் பல உள. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கைச் சொல்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைச் சொல்கிறது. அவற்றினும் என்னை வியக்க வைப்பது ஒரு சிறு செய்தி: தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்குகளை நிறுத்த வேண்டும் என்பது. ஒளியையும் நிழலையும் ஆளத் தெரியாதவன் பாவனைத் தொழிலில் இறங்கக் கூடாது என்பதை அக்காலத்து அரங்கமைப்போர் அறிந்திருந்தனர். வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், கயிற்றால் இயங்கி உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவையை உவமையாக்கினார். கேட்போர் பாவையாட்டத்தைப் பார்த்திராவிடில் அவ்வுவமை பயன்படாது.

உதயணன் கதையில் யானைப் பொறி ஒன்று வருகிறது. யானைகளை யாழால் வசப்படுத்தும் உதயணனைப் பிடிக்க, பிரச்சோதனன் பொய் யானை ஒன்றைச் செய்வித்து, அதன் வயிற்றுள் வீரரை ஒளித்துக் காட்டில் உலவ விட்டான். உதயணன் மெய்யானை என நம்பி நெருங்கிச் சிறைப்பட்டான். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவிக்காகச் செய்வித்த மயிற்பொறியும் அத்தகையதே. அப்பொறியில் ஏறித்தான் அவள் கட்டியங்காரன் கைப்படாமல் தப்பினாள். (நம் தெருக்கூத்தில் சிரிப்பு மூட்ட வரும் கட்டியங்காரனுக்கும் அந்த அமைச்சனுக்கும் பெயர் மட்டுமே ஒன்று.) இவற்றைக் காட்டிப் பண்டைத் தமிழர் வானூர்தி செலுத்தினர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். புலவன் கற்பனையைப் பொறியாளன் கணக்காக்குவது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. கற்பனை இருந்தது என்பதே போதுமான பெருமை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சித்தூர் வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயிலைத் தர்மராஜா கோயில் என்றே பலர் வழங்குவர். கோடையில், வயல்கள் ஓய்ந்து கிடக்கும் நாட்களில் பாரதம் தொடங்கும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக நடைபெறும். நாட்கணக்கு ஊருக்கு ஊர் மாறும்; பதினெட்டு நாள் என்பது பெருவழக்கு. கதை சொல்வதும் ஆடுவதும் சில ஊர்களில் தமிழில், சில ஊர்களில் தெலுங்கில், சில ஊர்களில் இரண்டும் கலந்து. ஒரே இரவில் தருமர் தமிழில் பாட, கட்டியங்காரன் தெலுங்கில் மறுமொழி சொல்லி மக்களைச் சிரிக்க வைத்ததை நான் சிறுவனாய் இருந்தபோது கேட்டிருக்கிறேன். எவரும் அதைக் குறையாகக் கருதியதில்லை.

கூத்தனின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கலியாண முருங்கை மரத்தில் செதுக்கப் பெற்றவை. அம்மரம் எடை குறைந்தது. இரவெல்லாம் சுழன்று ஆட வேண்டியவனுக்கு அது பேருதவி. மரத்தின்மேல் கண்ணாடிச் சில்லுகளும் வண்ணத் தாள்களும் ஒட்டியிருக்கும். இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, அதன் பின்னே நின்று கூத்தன் பாடத் தொடங்குவான். சலங்கையொலி கேட்கும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், திரையின் ஓரத்தை ஒரு கை பற்றும். திரை விலகியதும் நிற்பவன் எதிர்த் தெருக் குயவன் அல்லன், துரியோதன மகாராசன். கரந்துவரல் எழினி பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு அத்துணிதான் கண்முன் நின்றது.

பந்தத்தின் ஆடும் ஒளியில் அக்கண்ணாடிச் சில்லுகள் மணிகளாய்ச் சுடர்விட்டன என்று முதியோர் சொல்வர். நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில் காஸ் விளக்கு வந்துவிட்டது; பின்னர்க் குழல்விளக்கு வந்தது. குழல்விளக்கின் அசையாத வெள்ளொளியில் கண்ணாடி கண்ணாடியாகவும் காகிதம் காகிதமாகவும் தெரிகின்றன. சிலம்பின் அரங்கத்தார் கவலையோடு நிறுத்திய விளக்கை நாம் கவலையின்றித் தொங்கவிட்டோம். கூத்துக்கு நேர்ந்த கேடுகளுள் இதனையும் ஒன்றாகச் சேர்ப்பேன். சினிமாவின்மேல் மட்டும் பழியைப் போடுவது நேர்மையன்று.

ஆனால் பாரத விழாவின் சிறப்பு மேடைக்கு வெளியே இருக்கிறது. பகாசுரன் வதத்தன்று சோறும் கறியும் ஏற்றிய வண்டி மெய்யாகவே தெருக்களில் வரும். வீமன் வேடம் பூண்டவன் அதன்மேல் அமர்ந்து உண்டுகொண்டே வருவான். வீடுதோறும் பெண்கள் படைப்பர். அருச்சுனன் தபசன்று உயர்ந்த மரமொன்றை நட்டு, அதில் படி அமைத்து, கூத்தன் ஒவ்வொரு படிக்கும் பாடிக்கொண்டே ஏறுவான். கயிலையை நோக்கி அருச்சுனன் ஏறுகிறான் என்பது கதை. கீழே, பிள்ளைப்பேறு வேண்டிய பெண்கள் ஈரப் புடைவையோடு காத்திருப்பர். உச்சியிலிருந்து அவன் வீசும் எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் அவர்கள் மடியில் விழ வேண்டும். அப்பெண்கள் பார்வையாளரா, நடிகரா? ஊரே கதைக்குள் புகுந்துவிட்ட பின் அக்கேள்விக்கு இடமில்லை.

இறுதி நாள் படுகளம். ஊர்ப் பொதுவெளியில் மண்ணைக் குவித்துப் பிசைந்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவத்தை அமைப்பர். ஆளுயரம் அன்று, பல ஆள் நீளம். வண்ணம் பூசி, மீசை வரைந்து, கண் திறப்பர். தொடைப் பகுதியில் செந்நீர்க் கலயம் ஒன்று மறைந்திருக்கும். வீமனும் துரியோதனனுமாக வேடமிட்ட இருவர் அம்மண்ணுடலைச் சுற்றிச் சுற்றி ஓடிப் போர் செய்வர். முடிவில் வீமன் கதாயுதத்தைத் தொடையில் இறக்குவான். செந்நீர் பாயும். அதில் தோய்த்துத் திரௌபதியின் விரிந்த கூந்தலை முடிப்பர். அன்று மாலை தீமிதி.

மண் முதல்நாள் வண்டியில் வந்தது என்பதை ஊரார் அனைவரும் அறிவர். கலயத்தை வைத்தவன் இன்னான் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் கதை இறங்கும் கணத்தில் கூட்டம் அலறும். என் பாட்டி ஆண்டுதோறும் துரியோதனனுக்காக அழுவார். “அந்த மண்டபத்தில் அவர்கள் சிரிக்காமல் இருந்திருக்கலாமே” என்பார். மயன் தன் மண்டபத்தில் கண்ணை ஏமாற்றித் துரியோதனனை உள்ளே இழுத்தான். எங்கள் ஊரார் கண்ணை ஏமாற்றவில்லை. அனைத்தும் வெட்டவெளியில், பட்டப்பகலில். உள்ளே வருவதற்கு மக்கள் தாமே இசைந்தனர். உலகெங்கும் பாவனைக் கலை இவ்விரு வழிகளுள் ஒன்றையே பற்றிச் சென்றிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் வழியில் பொறிகள் பெருகின.

ஒளியையும் நிழலையும் ஆண்ட இன்னொரு கலை தோற்பாவைக் கூத்து. ஆந்திரத்தில் அதனைத் தோலுபொம்மலாட்டம் என்பர். தோலைப் பதமாக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கி, வண்ணந் தீட்டி, நகைகள் வரும் இடங்களில் துளையிட்டு, வெள்ளைத் திரையின் பின்னே விளக்கொளியில் ஆட்டுவர். துளைகளின் வழியே வரும் ஒளி மணியாரமாகத் திரையில் மின்னும். ஆந்திரத்துப் பாவைகள் அளவிற் பெரியவை. ஆள் உயரத்தை எட்டுவனவும் உண்டு. போர்க்காட்சியில் ஆட்டுவோர் காலடியில் கிடக்கும் பலகைகளை ஓங்கி மிதிக்க, குதிரைப்படையும் தேர்ப்படையும் திரையில் இல்லாமலே செவிக்கு வந்து சேரும். அனந்தபுரப் பகுதியிலுள்ள நிம்மலகுண்டா இக்கலைக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்க் கலைஞர் தளவாயி சலபதி ராவுக்கு 2020-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தமிழகத்திலோ இக்கலையைக் காத்து வந்தோர் மராட்டியம் பேசும் குடும்பத்தார். வீட்டில் ஒரு மொழி, திரைக்குப் பின்னே ஒரு மொழி. இராமனும் இராவணனும் சீதையும் அனுமனும் பெரும்பாலும் ஒரே மனிதரின் தொண்டையிலிருந்து பேசுவர்.

பாவனை வேடிக்கைக்கு மட்டும் பயன்பட்டதன்று, அரசியலுக்கும் பயன்பட்டது. அதற்குச் சான்று நம் வட்டாரத்திலேயே உண்டு. 1782-ஆம் ஆண்டு திசம்பர் 7-ஆம் நாள் சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஐதர் அலி இறந்தான். மைந்தன் திப்பு அப்போது தொலைவில் மலையாளக் கரையில் போரில் இருந்தான். செய்தி வெளிப்பட்டால் படை சிதறும். ஆகவே அமைச்சர்கள் உடலைப் பேழையில் வைத்துப் பொருட்பேழை போலக் கோலாருக்கு அனுப்பிவிட்டு, அரசன் உயிரோடிருப்பதாகவே பாசறையை நடத்தினர். மூடிய பல்லக்கு வழக்கமான பரிவாரத்தோடு நகர்ந்தது. உள்ளே எவரும் இல்லை. ஆயிரக்கணக்கான வீரர்க்கு முன் நடைபெற்ற அக்கூத்துக்குக் கட்டியங்காரன் கிடையாது.

அவ்வாறு அரியணை ஏறிய திப்புவின் அரண்மனையில் மரப்புலி ஒன்று இருந்தது. வெள்ளையன் ஒருவனைக் கீழே தள்ளி அவன்மேல் பாய்ந்து கிடக்கும் புலி. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே உள்ள துருத்திகள் காற்றை ஊத, புலி உறுமும். வெள்ளையன் கையை உயர்த்தி ஓலமிடுவான். புலியின் விலாவைத் திறந்தால் இசைக்கருவியின் கட்டைகள் வரிசையாய் இருக்கும். 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அதைக் கொண்டு சென்றனர். இன்றும் அது இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

புலி போய்ச் சேர்ந்த அந்த இலண்டனில் அப்போது ஒரு புதுமை பரவியிருந்தது. இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் 1787-இல் காப்புரிமை பெற்று, 1793-இல் இலண்டன் இலெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே வட்டமான கட்டடம் எழுப்பினார். பனோரமா என்பது அதன் பெயர். காண வந்தோர் இருண்ட நடையொன்றின் வழியே சென்று படியேறி நடுமேடையை அடைவர். அவர்களைச் சுற்றி முழுவட்டமாக ஓவியம். ஓவியத்தின் மேல்விளிம்பைக் கூரைமறைப்பு மறைக்கும். கீழ்விளிம்பும் கண்ணுக்குத் தெரியாது. ஒளி மேலிருந்து விழும். விளிம்பு தெரியாதபோது, தான் காண்பது படம் என்று கண் எவ்வாறு அறியும்? மயனின் கணக்கு இதுவே.

அம்முறையை ஒட்டி இராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் சீரங்கப்பட்டணக் கோட்டை பிடிபட்ட காட்சியை ஏறத்தாழ 120 அடி நீளத்தில் அரைவட்டமாகத் தீட்டி, 1800-இல் இலண்டன் இலைசியம் அரங்கில் காட்டினார். போர் நடந்து ஓராண்டு ஆகுமுன்னரே, காவிரியைக் கண்டறியாத ஆயிரமாயிரம் பேர் கட்டணம் செலுத்திக் காவிரிக் கோட்டையின் இடிந்த மதிலருகே நின்று திரும்பினர். தென்னாட்டு மக்களின் குருதி அயல்நாட்டில் காட்சிப் பொருளாயிற்று. காளத்தியின் கலங்காரி ஓவியரும் பாரதப் போரைத் துணியில் நீளத் தீட்டியவர்தாம். ஆனால் அத்துணி கோயிலில் தொங்கியது. பார்ப்பவன் நடந்து நடந்து, கட்டங் கட்டமாகக் கதையைத் தன் வேகத்தில் படித்துக் கொண்டான். தான் துணியின் முன் நிற்பதை அவன் ஒருபோதும் மறந்ததில்லை.

ஓவியம் சூழ்ந்தது, இனி உடல் அசைய வேண்டும். அமெரிக்க நாட்டில் கான்சாஸ் நகரத் தீயணைப்புப் படையின் தலைவராயிருந்த ஜார்ஜ் ஹேல் என்பவர் 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயி பொருட்காட்சியில் இரயில்பெட்டி போன்ற அறையொன்றை அமைத்தார். ஓடும் இரயிலிலிருந்து எடுத்த படம் முன்னே ஓடும், பெட்டி குலுங்கும், சக்கர ஒலி கேட்கும், பயணச்சீட்டைச் சரிபார்க்க அலுவலரும் வருவார். சில ஆண்டுகள் பல நாடுகளில் இது பெரும் வேடிக்கையாய் இருந்து, சினிமாக் கொட்டகைகள் பெருகியதும் மறைந்தது.

அடுத்தவர் எட்வின் லிங்க். இவர் வரலாறு சுவையானது. சற்று நின்று சொல்ல வேண்டியது. நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் இவர் தந்தைக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. விமானம் ஓட்டக் கற்க ஆசைப்பட்ட இளைஞர் லிங்க், கட்டணத்தைக் கண்டு மலைத்தார். தரையிலேயே கற்றுக்கொண்டால் என்ன என்று எண்ணி, ஆர்கனின் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் எடுத்து, சிறகு குறுகிய பொம்மை விமானம் ஒன்றின் அடியில் பொருத்தினார். உள்ளே அமர்ந்தவன் பிடியை அசைத்தால் அடைப்பிதழ் திறக்கும். ஒரு துருத்தி உப்பும், மற்றொன்று ஒடுங்கும். விமானம் மூக்கை உயர்த்தும், சாயும், திரும்பும். 1929-இல் முடிந்த இப்பொறியைக் கல்வித் துறையோ இராணுவமோ பொருட்படுத்தவில்லை. வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்! காசு போட்டுச் சிறுவர் ஏறி விளையாடினர்.

1934-இல் அமெரிக்க இராணுவ விமானப் படை அஞ்சல் மூட்டைகளைச் சுமக்கும் பொறுப்பை ஏற்றது. மூடுபனியிலும் இருளிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத இளைஞர் பலர் விழுந்து மாண்டனர். அதன் பின்னரே படைத்துறை லிங்கின் பொறிகளுள் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட விமானிகள் இப்பொறியில் பயின்றனர் என்பர். அரை நூற்றாண்டு சென்றது. 1987-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் டிஸ்னி பூங்காவில் விண்வெளிப் பயண விளையாட்டு ஒன்று திறக்கப்பட்டது. அதன் அடியில் இருந்த பொறி, விமானப் பயிற்சிக் கருவிகள் செய்யும் இரெடிஃப்யூஷன் என்ற ஆங்கில நிறுவனத்தது. திருவிழாவில் பிறந்து, போருக்குப் போய், மீண்டும் திருவிழாவுக்கே வந்து சேர்ந்தது அப்பொறி. திப்புவின் புலிக்கும் துருத்தி. லிங்கின் விமானத்துக்கும் துருத்தி. எங்கள் ஊர்க் கூத்தில் பின்பாட்டுக்காரர் மடியருகே வைத்து வாசிக்கும் ஆர்மோனியத்துக்கும் துருத்திதான்.

நம் நாட்டில் இத்தகைய பொறிகள் வருமுன்னர்ச் சினிமா வந்தது. 1905-ஆம் ஆண்டு திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் துய்ப்பான் என்பவரிடம் படக்கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். பேசும் படம் வந்தபின் நம் சித்தூரும் தன் பங்கைச் செலுத்தியது. குண்டூர்ப் பகுதியில் பிறந்த வி. நாகையா, சித்தூர் இராமவிலாச சபையின் நாடக மேடையில் புகழ்பெற்றதால் சித்தூர் நாகையா என்றே தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் அறிமுகமானார். 1946-இல் வெளிவந்த ‘தியாகய்யா’வை இயக்கி நடித்தவர் அவர். படத்தில் அவரைக் கண்டோர் தியாகையரையே கண்டதாகக் கைகூப்பினர். எப்பொறியும் இன்றி ஒரு மனிதர் செய்த பாவனை அது.

பொறியின் துணையோடு செய்ததன் உச்சம் 1957-இல் வந்த ‘மாயா பஜார்’. கே. வி. ரெட்டி இயக்க, விஜயா நிறுவனம் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த படம். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. சிறு மாதிரி வீடுகளை அமைத்துத் துவாரகை நகரமாக்கினார். விளக்குகளைக் கொண்டு நிலவு பொழிய வைத்தார். கடோத்கசனாக வந்த எஸ். வி. ரங்காராவ் வாயைத் திறக்க, இலட்டுகள் தாமே பறந்து சென்று வாய் புகுந்தன. கணிப்பொறி எட்டிப் பாராத காலம் அது. கதையும் பாவனையைப் பற்றியதே: கடோத்கசன் மணப்பெண்ணின் உருவெடுத்து மாப்பிள்ளை வீட்டாரை ஆட்டி வைக்கிறான். அப்படத்தைச் சித்தூர்க் கொட்டகையில் பார்த்துத் திரும்பிய கூத்துக்காரர் ஒருவர் பகாசுரன் வண்டியைப் பற்றிக் கூறியதை என் தந்தையார் அடிக்கடி நினைவு கூர்வார்: “ரங்காராவுக்கு இலட்டு பறந்து வந்தது. நமக்குப் பெண்டுகள் கையால் ஊட்டுகிறார்கள். யார் கொடுத்து வைத்தவன்?”

மேல்நாட்டில் மார்ட்டன் ஹைலிக் என்பவர் 1962-இல் காப்புரிமை பெற்ற பெட்டியில் படத்தோடு இருக்கை அதிர்ந்தது, காற்று வீசியது, மணமும் எழுந்தது. முதலிடுவார் இன்றி அது முடங்கியது. 1968-இல் ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர், தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும் கருவியை அமைத்தார். கூரையிலிருந்து தொங்கிய அக்கனத்த கருவியின் வழித்தோன்றல்களே இன்று கடைகளில் விற்கின்றன. நம் பக்கத்தில் 2014-இல் வந்த ‘கோச்சடையான்’ படத்தில், நடிகர்களின் உடலில் குறிகளை ஒட்டி, அவர்தம் அசைவைக் கணிப்பொறியில் வாங்கி, வரைந்த உருவங்களுக்கு ஊட்டினர். 2009-இல் மறைந்த நாகேசும் அப்படத்தில் நடமாடினார். திரையில் தெரியும் உருவம் ஒன்று. அதனை அசைத்த உடல் வேறொன்று. தோற்பாவைத் திரைக்குப் பின்னே நின்றவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. திரைக்குப் பின்னே இருந்தவன் பெயரை எவரும் கேட்பதில்லை என்பதும் அவர்க்குப் புதிதன்று.

பொறிகளைப் பற்றி இவ்வளவு எழுதிய பின்னும் என் மனம் ஒரு நோட்டுப் புத்தகத்திடமே திரும்புகிறது. அதைச் சொல்லாமல் முடிக்க இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குச் சென்றிருந்தபோது படுகளத்துக்கு முந்தைய இரவு ஒப்பனைக் கொட்டகையில் அமர்ந்திருந்தேன். துரியோதனன் வேடம் கட்டும் இளைஞர் அரிதாரம் பூசிக்கொண்டே ஒரு நோட்டைப் பார்த்துப் பாட்டை முணுமுணுத்தார். தூய தமிழ்ப் பாட்டு. அவர் பாட்டனார் காலத்தது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்து தெலுங்கு. “தமிழ் பேசுவோம், பாடுவோம், அண்ணா. படிக்க வராது. பள்ளியில் தெலுங்குதானே” என்றார். குறையாகச் சொல்லவில்லை; இயல்பாகச் சொன்னார். ழகரம் வர வேண்டிய இடமெல்லாம் ளகரமாய் நின்றது. அந்தாதித் தொடையில் இரண்டு இடங்களில் சொல் உடைந்திருந்தது. அவர் பாடியபோதோ ழகரம் பழுதின்றி ஒலித்தது. பாட்டனார் வாயிலிருந்து செவிவழி வந்த ழகரம்.

1911-இல் வடஆர்க்காட்டுப் பகுதிகளையும் கடப்பைப் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது அது அங்கே சென்றது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நம் ஊர்கள் அப்புறம் நின்றன. அவ்வழக்கை மீண்டும் கிளறுவது என் நோக்கமன்று. தெலுங்கு எழுத்து அந்தப் பாட்டைக் காப்பாற்றியிருக்கிறது; அதற்கு நான் நன்றியுடையேன். ஆனால் அந்த இளைஞருக்குப் பின் வருபவன் பாட்டனார் வாயைக் கேட்டிருக்க மாட்டான். அவனுக்கு நோட்டு மட்டுமே இருக்கும். அப்போது மேடையில் வரும் துரியோதனன் எந்த எழுத்தைப் பாடுவான்? அன்றிரவே அவர் பாட, நான் அப்பாடல்களைத் தமிழில் எழுதத் தொடங்கினேன். சூது முடிந்து துகிலுரிதல் வரை வந்திருக்கிறோம். மீதி ஆண்டுக்கு ஒரு பயணம் என்று நடைபெறுகிறது. ஒலிப்பதிவும் செய்கிறோம். நம் சங்கத்து இளைஞருள் தெலுங்கெழுத்துப் படிக்கத் தெரிந்தோர் கோடையில் ஒரு வாரம் உடன்வந்தால் வேலை விரைவில் முடியும்.

மறுநாள் காலைப் படுகளத்தில் வீமன் கதாயுதத்தை ஓங்கியபோது சுற்றிலும் நூறு கைப்பேசிகள் உயர்ந்தன. செந்நீர் பாய்ந்தது. பெண்கள் குலவையும் ஓலமுமாய் முன்னே நெருங்கினர். கைப்பேசிகள் சில தாழ்ந்தன, பல தாழவில்லை. கூட்டம் கலைந்தபின் வழக்கப்படி ஊரார் மண்ணுடலிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்துச் சென்றனர். பத்தாயத்தில் இட்டால் தானியம் பெருகும் என்பது நம்பிக்கை. எனக்குப் பத்தாயம் இல்லை. ஒரு பிடியைத் துண்டில் முடிந்து நகரத்துக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். இது என்ன என்று பேத்தி கேட்டாள். “துரியோதனன்” என்றேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, “எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

தொடைப் பக்கம் என்றேன்.